தலைச்சொல் முதலில்: பியூர் டேட்டாவில் பட்டியல்களும் செய்தி வகைகளும்

பியூர் டேட்டாவில் எழுதிய ஒரு பேட்ச் ஒலிக்காவிட்டால் பெரும்பாலோர் ஒலிப் பகுதியைத்தான் முதலில் சோதிக்கிறார்கள். ஆசிலேட்டர் ஓடுகிறதா, ஒலியளவு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா, டிஎஸ்பி இயங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராதபோது, கோளாறு பெரும்பாலும் பெட்டிகளுக்கு இடையே ஓடும் செய்திகளில் இருக்கிறது. மூன்று எண்களை எதிர்பார்க்கும் பெட்டிக்கு ஒரே எண் போயிருக்கும். சிம்பலை எதிர்பார்க்கும் பெட்டிக்கு வெறும் சொல் போயிருக்கும். பட்டியல் என்று நாம் நினைத்தது பட்டியலாகவே இருந்திருக்காது. இவை தனித்தனித் தவறுகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். பியூர் டேட்டாவின் ஒவ்வொரு செய்திக்கும் தலையில் ஒரு சொல் உண்டு. அந்தச் சொல் பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. அதை நாமே வெளிப்படையாக எழுதும் பழக்கம் வந்துவிட்டால், பட்டியல் தொடர்பான சிக்கல்களில் பெரும்பகுதி தலையெடுக்காமலே போய்விடும்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மில்லர் பக்கெட் 1980களில் பாரிஸில் உள்ள இர்காம் நிறுவனத்தில் மேக்ஸ் மென்பொருளை உருவாக்கினார். பிலிப் மனூரி பியானோவுக்கும் கணினிக்குமாக எழுதிய ‘ப்ளூட்டன்’ 1988இல் அதைக் கொண்டு மேடையேறியது. கணினி இசையின் முன்னோடியான மேக்ஸ் மேத்யூஸின் நினைவாகவே மென்பொருளுக்கு அந்தப் பெயர். பின்னர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்துக்குப் போன பக்கெட், 1990களின் நடுவில் பியூர் டேட்டாவைத் திறந்த மென்பொருளாக எழுதினார். இரண்டு மென்பொருள்களிலும் பெட்டிகள் கம்பிகளால் இணைகின்றன; கம்பி வழியே செய்தி போகிறது; செய்தியின் முதல் உறுப்பு அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெறும் பெட்டிக்குச் சொல்கிறது. மேடையில் ஒரு கலைஞர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கான சிறு கட்டளைகள் தாமதமின்றிப் போய்ச்சேர வேண்டும் என்ற தேவையில் பிறந்த வடிவம் இது. அதனால்தான் செய்தியின் உடல் இவ்வளவு எளிமையாக இருக்கிறது.

பியூர் டேட்டாவின் கையேடு அந்த முதல் உறுப்பைச் செலக்டர் என்கிறது. இங்கே அதைத் தலைச்சொல் என்று குறிப்பிடுகிறேன். பெட்டிகளின் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். தலைச்சொற்களில் ஐந்து மென்பொருளுக்கே உரியவை: பேங், ஃப்ளோட், சிம்பல், லிஸ்ட், பாயின்டர். இவற்றைத் தவிர வேறு எந்தச் சொல் தலையில் வந்தாலும் அது பொதுச்செய்தி. ‘60’ என்று மட்டும் ஒரு செய்திப்பெட்டியில் எழுதினால் உண்மையில் ‘ஃப்ளோட் 60’ போகிறது. ‘60 64 67’ என்று எழுதினால் ‘லிஸ்ட் 60 64 67’ போகிறது. எண்ணில் தொடங்கும் செய்திக்குத் தலைச்சொல்லை மென்பொருளே மனத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. சொல்லில் தொடங்கும் செய்திக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தச் சொல்லே தலைச்சொல் ஆகிவிடுகிறது. ‘மேஜர் 60’ என்பதை இரண்டு உறுப்புள்ள பட்டியலாக நினைப்பது தவறு. மேஜர் என்ற தலைச்சொல்லும் 60 என்ற ஒரே உறுப்பும் கொண்ட பொதுச்செய்தி அது. இரண்டு உறுப்புள்ள பட்டியல் வேண்டுமானால் ‘லிஸ்ட் மேஜர் 60’ என்று எழுத வேண்டும்.

புதிதாகக் கற்பவர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். ‘மேஜர்’ என்று மட்டும் எழுதிய செய்திப்பெட்டியை ‘செலக்ட் மேஜர்’ பெட்டியோடு இணைத்தால், பொருந்துவதற்குப் பதிலாக ‘மேஜர்’ என்பதற்கு மெத்தட் இல்லை என்ற பிழைச்செய்தி வரும். செலக்ட் எதிர்பார்ப்பது ‘சிம்பல் மேஜர்’. போனதோ மேஜர் என்ற தலைச்சொல் கொண்ட, உறுப்பே இல்லாத செய்தி. கண்ணால் பார்த்தால் இரண்டிலும் ஒரே சொல்தான் இருக்கிறது. மென்பொருளுக்கோ ஒன்று கட்டளை, மற்றொன்று தரவு. வழியில் ‘சிம்பல்’ என்ற பெட்டி ஒன்றை வைத்தால் போதும்: வரும் தலைச்சொல்லை அது சிம்பலாக மாற்றி அனுப்பும். அல்லது செலக்டுக்குப் பதில் ‘ரூட் மேஜர்’ வைக்கலாம்; ரூட் பார்ப்பது தலைச்சொல்லையே. ஐயம் வந்த இடத்தில் ‘ப்ரின்ட்’ பெட்டியைக் கம்பியில் தொங்கவிட்டுப் பாருங்கள். சிம்பல் என்றால் ‘சிம்பல் மேஜர்’ என்று தலைச்சொல்லோடு காட்டும். பொதுச்செய்தி என்றால் ‘மேஜர்’ என்று மட்டும் காட்டும். எண்ணில் தொடங்கும் பட்டியலுக்கு மட்டும் லிஸ்ட் என்ற சொல்லை ப்ரின்டும் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள்.

மறைந்திருக்கும் தலைச்சொல் உண்மையில் தீங்கு செய்வது நீளம் மாறும் பட்டியல்களில். விசைப்பலகையில் அந்த நொடியில் அழுத்தப்பட்டிருக்கும் சுரங்களை ஒரே பட்டியலாக அனுப்பும் பேட்ச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று விரல்கள் அழுத்தியிருக்கும்போது ‘லிஸ்ட் 60 64 67’ போகிறது. ஒரு விரலை எடுத்தால் ‘லிஸ்ட் 60 64’. இன்னொன்றையும் எடுத்தால் மிஞ்சுவது ஒரே எண். பியூர் டேட்டா அதைப் பட்டியலாக வைத்துக்கொள்வதில்லை, ஃப்ளோட்டாகக் கருதுகிறது. கடைசி விரலையும் எடுத்தால் வெற்றுப் பட்டியல் மிஞ்சும். அது பேங் ஆகிவிடுகிறது. ஆக, ஒரே கம்பியில், ஒரே பொருளில் போகும் தகவல் மூன்று வகைகளாக வேடம் மாறுகிறது. மறுமுனையில் ‘ரூட் லிஸ்ட்’ வைத்திருப்பவருக்கு இரண்டு சுரங்கள் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும்; ஒற்றைச் சுரம் வந்ததும் அது பொருந்தாதவற்றுக்கான வெளிவாய் வழியே நழுவிவிடும். எல்லா விசைகளையும் விட்டபோது வரும் பேங்கோ இன்னும் ஆபத்தானது. பேங் என்றால் ‘கடைசியாகச் சேமித்ததை மறுபடி வெளியிடு’ என்று பொருள்கொள்ளும் பெட்டிகள் பல உண்டு. சுரங்கள் அடங்க வேண்டிய நேரத்தில் முந்தைய சுரங்கள் மறுபடி ஒலிக்கக்கூடும். சோதனையின்போது எல்லோரும் முழுக் கார்டை அழுத்தித்தான் பார்ப்பார்கள். பிழை மேடையில்தான் வெளிப்படும்.

இதற்குத் தீர்வு சிறியது. பட்டியல் ஒரு பகுதியைவிட்டு வெளியேறும் இடத்தில் ‘லிஸ்ட் ப்ரிபெண்ட் சுரங்கள்’ என்ற பெட்டியையும், அதன் கீழே ‘லிஸ்ட் ட்ரிம்’ பெட்டியையும் வையுங்கள். முதல் பெட்டி வரும் பட்டியலின் முன்னால் சுரங்கள் என்ற சொல்லைச் சேர்த்து ‘லிஸ்ட் சுரங்கள் 60 64 67’ ஆக்குகிறது. இரண்டாவது பெட்டி லிஸ்ட் என்ற தலைச்சொல்லை உரித்தெடுத்துவிட்டு ‘சுரங்கள் 60 64 67’ என்று அனுப்புகிறது. இப்போது தலைச்சொல் நம்முடையது. மூன்று சுரங்கள் இருந்தாலும் ஒன்றே இருந்தாலும் எதுவுமே இல்லாவிட்டாலும் அது மாறாது: ‘சுரங்கள் 60’, ‘சுரங்கள்’. மறுமுனையில் ‘ரூட் சுரங்கள்’ எந்த நீளத்தையும் தவறவிடாது. ரூட் அந்தத் தலைச்சொல்லை உரித்தபின் மிஞ்சுவது மறுபடி பழைய வடிவத்தில், அதாவது பட்டியலாகவோ ஃப்ளோட்டாகவோ பேங்காகவோ, வரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தில் அது எதைப் பற்றிய தகவல் என்பது நமக்குத் தெரியும். அதை அப்படியே ‘லிஸ்ட் லெங்த்’ பெட்டிக்குள் விட்டால் பேங்குக்கு 0, ஃப்ளோட்டுக்கு 1, பட்டியலுக்கு அதன் நீளம் என்று கணக்குச் சொல்லிவிடும். லிஸ்ட் குடும்பப் பெட்டிகள் எந்தச் செய்தியையும் பட்டியலாகவே நடத்துவதால் இது நடக்கிறது. தலைச்சொல்லைத் தமிழிலேயே வைக்கலாம். இன்றைய பியூர் டேட்டா யூனிகோட் எழுத்துகளை ஏற்கிறது. மென்பொருளுக்கே உரிய அந்த ஐந்து சொற்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

இதே வேலையைச் செய்திப்பெட்டியில் ‘சுரங்கள் $1 $2 $3’ என்று எழுதியும் செய்யலாமே என்று கேட்கலாம். நீளம் என்றைக்கும் மூன்றுதான் என்றால் செய்யலாம். இரண்டு எண்கள் மட்டும் வந்துவிட்டால், மூன்றாவது டாலருக்கு உறுப்பு இல்லை என்று பிழை வரும். செய்திப்பெட்டி நிலையான அளவுக்கானது. லிஸ்ட் ப்ரிபெண்டும் லிஸ்ட் ட்ரிம்மும் மாறும் அளவுக்கானவை. மேக்ஸிலிருந்து வருபவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அங்கே ‘ப்ரிபெண்ட்’ என்ற ஒரே பெட்டி, கொடுத்த சொல்லை நேரடியாகத் தலைச்சொல் ஆக்கிவிடும். இங்கே ட்ரிம் இல்லாமல் விட்டால் லிஸ்ட் என்ற சொல்லே தலையில் உட்கார்ந்திருக்கும். ‘ரூட் சுரங்கள்’ அதைக் கண்டுகொள்ளாது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தலைச்சொல்லை மறைத்து வைத்ததே பயன்படுத்துவோரின் வசதிக்காகத்தான், அந்த வசதியை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அது. ‘3 4’ என்ற செய்தியை ‘+’ பெட்டியின் இடது உள்வாயில் விட்டால் 7 கிடைக்கிறது. பட்டியலுக்கென்று தனி நடத்தை இல்லாத பெட்டிகள், உறுப்புகளைத் தம் உள்வாய்களுக்குப் பங்கிட்டுக்கொண்டு, இடது உள்வாய்க்கானதைக் கடைசியில் எடுத்துக்கொள்கின்றன. இது அருமையான வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதே வசதி ‘செலக்ட் 60’ பெட்டியில் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே எண்ணோடு உருவாக்கிய செலக்டுக்கு வலதுபுறம் ஓர் உள்வாய் இருக்கிறது; அதில் வரும் எண் ஒப்பிட வேண்டிய மதிப்பை மாற்றிவிடும். ‘60 64 67’ என்ற பட்டியல் உள்ளே போனால் முதலில் 64 வலது உள்வாய்க்குப் போய், ஒப்பீட்டு மதிப்பு 64 ஆகிவிடுகிறது. பிறகுதான் 60 இடது உள்வாய்க்கு வருகிறது. பொருந்தவில்லை என்று வெளியேறுகிறது. அதோடு முடியவில்லை: அந்தப் பெட்டி இனிமேல் 64க்குத்தான் பதில் சொல்லும், பெட்டியின் மேல் 60 என்றே எழுதியிருந்தாலும். பிழைச்செய்தி எதுவும் வராது. வசதி தேவைப்படுவது கணக்குப் பெட்டிகளுக்குப் பக்கத்தில், நம் கண்முன்னே இருக்கும் ஓரிரு கம்பிகளில். ஒரு சப்பேட்சிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்குத் தகவல் போகும்போது அதே வசதி பொறியாகிறது. எனவே என் பரிந்துரை எல்லைகளைப் பற்றியது மட்டும்: உள்ளே வெறும் பட்டியல் ஓடட்டும், எல்லையைக் கடக்கும்போது பெயரோடு கடக்கட்டும்.

இரண்டாவது மறுப்பு, பட்டியலே வேண்டாம், ஒவ்வொரு மதிப்புக்கும் தனிக் கம்பி போட்டுவிடலாம் என்பது. காட்சிவழி நிரலாக்கத்தின் அழகே கம்பிகள் கண்ணுக்குத் தெரிவதுதானே என்று இவர்கள் கேட்பார்கள். இரண்டு மூன்று மதிப்புகள் வரை இது சரி. அதற்கு மேல் போனால் வரிசைச் சிக்கல் வருகிறது. பியூர் டேட்டாவில் பெரும்பாலான பெட்டிகளின் இடது உள்வாய்தான் சூடானது. அதில் மதிப்பு வந்தால்தான் வேலை நடக்கும், மற்றவை வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. ஆகவே இடது மதிப்பு கடைசியாக வர வேண்டும். ஒரே வெளிவாயிலிருந்து பல கம்பிகள் பிரிந்தால், எது முதலில் போகும் என்பதை நீங்கள் கம்பி இழுத்த வரிசை தீர்மானிக்கிறது. அந்த வரிசை திரையில் தெரியாது. மேக்ஸில் பெட்டிகள் இருக்கும் இடம் அதைத் தீர்மானிக்கிறது, வலமிருந்து இடமாக. அங்கே ஒரு பெட்டியை அழகுக்காக நகர்த்தினாலே நடத்தை மாறக்கூடும். இரண்டிலும் பாதுகாப்பு ‘ட்ரிகர்’ பெட்டிதான். பட்டியல் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது: எல்லா மதிப்புகளும் ஒரே செய்தியில், ஒரே கணத்தில் போகின்றன, எது முந்தியது என்ற கேள்விக்கே இடமில்லை. பெயரிட்ட செய்திகளைப் பிரித்து அனுப்பும்போது மட்டும் ட்ரிகரில் ‘எல்’ போடாதீர்கள், ‘ஏ’ போடுங்கள். பொதுச்செய்தியை ‘ஏ’ ஆகவோ ‘பி’ ஆகவோதான் ட்ரிகர் மாற்றும்.

பல குரல் சிந்தசைசர் இதற்கு நல்ல உதாரணம். ‘பாலி’ பெட்டி ஒவ்வொரு சுரத்துக்கும் குரல் எண், சுருதி, வேகம் என்று மூன்று மதிப்புகளைத் தருகிறது. அவற்றை ‘பேக்’ மூலம் பட்டியலாக்கி ‘க்ளோன்’ பெட்டிக்கு அனுப்பினால், முதல் எண்ணுக்குரிய பிரதிக்கு மற்ற இரண்டும் போய்ச்சேர்கின்றன. பாலியின் வெளிவாய்கள் வலமிருந்து இடமாக வெளியிடுவதால் குரல் எண் கடைசியில் வந்து பேக்கின் சூடான உள்வாயைத் தட்டுகிறது. எல்லாம் பொருந்தி வருகிறது. எட்டுக் குரல்களுக்கு இருபத்துநான்கு கம்பிகள் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பெயரில்லாத பட்டியலின் பலவீனமும் இதே இடத்தில் தெரிகிறது. பாலி குரல்களை 1 முதல் எண்ணுகிறது. க்ளோன் வழக்கமாக 0 முதல் எண்ணுகிறது. மைனஸ் எஸ் 1 என்ற தேர்வைக் க்ளோனுக்குக் கொடுக்காவிட்டால் எட்டாவது குரலுக்கு ஆள் இருக்காது. ‘1 60 100’ என்ற பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் அந்த 1 எதைக் குறிக்கிறது, எங்கிருந்து எண்ணியது என்று தெரியாது. இடம் மட்டுமே பொருள் தருகிறது. குரல் எண்ணுக்குப் பின் ஒரு சொல்லைச் சேர்த்து ‘1 சுரம் 60 100’ என்று அனுப்பினால், க்ளோன் எண்ணை உரித்துவிட்டு ‘சுரம் 60 100’ என்பதைப் பிரதிக்குக் கொடுக்கும். பிரதிக்குள் ஒரு ரூட் இருந்தால் நாளைக்கு ‘வடிகட்டி 800’ என்ற புதிய செய்தியையும் அதே கம்பியில், எதையும் கலைக்காமல் சேர்த்துக்கொள்ளலாம். தொடர்ந்து வளரும் பேட்சுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வெளியுலகமும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. மிடியில் எதுவும் எண்ணாகவே போகிறது. 74ஆம் கன்ட்ரோலர் எதைக் குறிக்கிறது என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். 1990களின் பின்பாதியில் பெர்க்லியில் உள்ள சின்மாட் மையத்தில் மேட் ரைட்டும் ஏட்ரியன் ஃப்ரீடும் உருவாக்கிய ஓபன் சவுண்ட் கன்ட்ரோல் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் சாய்கோடுகளால் பிரிந்த ஒரு முகவரி உண்டு. கைப்பேசிச் செயலி ஒன்று ‘/சிந்த்/ஃப்ரீக்’ என்ற முகவரியோடு 440 என்ற மதிப்பை அனுப்புகிறது என்று கொள்வோம். ‘நெட்ரிசீவ்’ அதன் பைட்டுகளைப் பெற்று ‘ஓஎஸ்சிபார்ஸ்’ பெட்டிக்குக் கொடுக்க, அது ‘லிஸ்ட் சிந்த் ஃப்ரீக் 440’ என்று வெளியிடுகிறது. இங்கே லிஸ்ட் ட்ரிம் வைக்க மறந்தால் கீழே உள்ள ‘ரூட் சிந்த்’ எதையும் பிடிக்காது. தரவு வருகிறது, ப்ரின்டிலும் தெரிகிறது, ஆனால் ஒலி மாறாது. ட்ரிம் வைத்தால் ‘சிந்த்’ தலைக்கு வருகிறது. ரூட் அதை உரித்ததும் ‘ஃப்ரீக்’ தலைக்கு வருகிறது. அடுத்த ரூட் அதையும் உரித்ததும் 440 என்ற எண் மிஞ்சுகிறது. உங்கள் பேட்சின் உள்ளேயும் இதே போன்ற பெயர்களை வைத்திருந்தால், திரையில் இழுக்கும் ஸ்லைடரும் கைப்பேசியும் ஒரே வாசல் வழியாக வந்து சேரலாம்.

பெயர் தேவையே இல்லாத பட்டியல்களும் உண்டு. ‘வி-லைன்~’ பெட்டிக்கு அனுப்பும் ‘1 10, 0 300 10’ என்ற செய்தி நல்ல உதாரணம். செய்திப்பெட்டியில் காற்புள்ளி, ஒரு செய்தியை முடித்து அடுத்ததைத் தொடங்குகிறது. ஆகவே இங்கே இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன. முதலாவது, 10 மில்லிவினாடியில் 1க்கு ஏறு என்கிறது. இரண்டாவது, 10 மில்லிவினாடி கழித்து, 300 மில்லிவினாடியில் 0க்கு இறங்கு என்கிறது. இலக்கு, நேரம், தாமதம் என்ற வரிசையை வி-லைன்~ தன் உதவிப் பக்கத்திலேயே வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இதே செய்தியை ‘லைன்~’ பெட்டிக்கு அனுப்பினால், அதற்குத் தாமதம் என்ற மூன்றாவது உறுப்பே தெரியாததால் இரண்டாவது பட்டியல் உடனே முதலாவதை விழுங்கிவிடும். ஒலி எழும்பாமலே அடங்கும். வரிசையை வரையறுத்தது பெட்டியா, நீங்களா என்று பாருங்கள். பெட்டி வரையறுத்திருந்தால் வெறும் பட்டியல் போதும். நீங்கள் வரையறுத்திருந்தால், அதை ஒரு பெயராக எழுதிவையுங்கள்.

பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வேலை செய்வது தனிக் கலை. பழைய வழி, ‘லிஸ்ட் ஸ்ப்ளிட் 1’ கொண்டு முதல் உறுப்பைப் பிரித்து, மிச்சத்தை மறுபடி அதே பெட்டியின் தலையில் ஊற்றுவது. சிறிய பட்டியலுக்கு இது அழகாக வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்குள் புதைந்து நடப்பதால், நீண்ட பட்டியலில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பிழையோடு அந்தச் சுற்று பாதியில் நின்றுவிடும். ‘லிஸ்ட் ஸ்டோர்’ பெட்டி இதைத் தீர்க்கிறது. பட்டியலை அதில் சேமித்துவிட்டு, ‘லிஸ்ட் லெங்த்’ தரும் எண்ணை ‘அன்டில்’ பெட்டிக்குக் கொடுங்கள். எண் கொடுத்தால் அது அத்தனை பேங் மட்டும் வெளியிட்டு நின்றுவிடும். அந்தப் பேங்குகளால் ஓர் எண்ணியை நகர்த்தி, ‘கெட் $1’ என்று லிஸ்ட் ஸ்டோரிடம் கேளுங்கள். எண்ணியை 0க்குத் திருப்பிய பிறகே அன்டில் தொடங்குமாறு ட்ரிகரால் வரிசைப்படுத்துவது முக்கியம். அன்டில்லுக்கு எண்ணுக்குப் பதில் வெறும் பேங் கொடுத்தால், யாராவது நிறுத்தும்வரை ஓடும். நிறுத்த வழி வைக்காவிட்டால் நிரல் முழுவதும் உறைந்துவிடும். பட்டியலுக்குள் பட்டியல் வைக்க முடியாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். உறுப்புகள் எண்ணாகவோ சிம்பலாகவோ பாயின்டராகவோ மட்டுமே இருக்க முடியும். ஒரு பாடலின் கார்டு வரிசை போன்ற அடுக்குத் தரவு வேண்டுமானால் ‘டெக்ஸ்ட் டிஃபைன்’ பெட்டியில் வரிக்கு ஒரு கார்டாக எழுதி, ‘டெக்ஸ்ட் கெட்’ கொண்டு வரி எண்ணால் எடுங்கள். ஆயிரக்கணக்கான எண்கள் என்றால் அர்ரேதான் சரியான இடம்.

எண்களிலும் சிம்பல்களிலும் உள்ள இரண்டு எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான பியூர் டேட்டா பதிப்பில் எண்கள் யாவும் 32 பிட் ஃப்ளோட்; முழு எண், பின்ன எண் என்ற பிரிவு இல்லை. மேக்ஸில் உண்டு, அங்கே ‘+ 0’ பெட்டி பின்னத்தை வெட்டிவிடும். 32 பிட்டில் 16777216 வரையிலான முழு எண்களே துல்லியமாக நிற்கும். நொடிக்கு 44100 சாம்பிள் என்ற கணக்கில் அது சுமார் 6 நிமிடம் 20 வினாடி. நீண்ட ஒலிக்கோப்பில் ஓர் இடத்தைச் சாம்பிள் எண்ணால் குறித்து அனுப்பும் பட்டியல் அதற்கு மேல் தடுமாறும். சிம்பலில் உள்ள சிக்கல் வேறு. பியூர் டேட்டா ஒவ்வொரு புதிய சிம்பலையும் ஒரு பொது அட்டவணையில் பதிவு செய்கிறது, பதிந்ததை நீக்குவதில்லை. ‘மேக்ஃபைல்நேம்’ கொண்டு நிமிடத்துக்கு நூறு புதிய பெயர்களை உருவாக்கிக்கொண்டே போகும் பேட்ச், பல நாட்கள் ஓடும் கண்காட்சி ஒன்றில் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கும். மாறிக்கொண்டே இருப்பது எண்ணாக இருக்கட்டும். நிலையாக இருப்பது மட்டும் சொல்லாக இருக்கட்டும்.

பெயர் சேர்ப்பதால் வேகம் குறையாதா என்ற கேள்விக்கு விடையும் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் ஒரே இடத்தில் ஒரே தரம் பதிந்திருப்பதால், ரூட் இரண்டு சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவதில்லை. இரண்டும் ஒரே நினைவக முகவரியா என்று மட்டும் பார்க்கிறது. ஒலிக் கணக்கு 64 சாம்பிள் கொண்ட தொகுதிகளாக, சுமார் 1.45 மில்லிவினாடிக்கு ஒரு தரம் நடக்கிறது. செய்திகள் அந்தத் தொகுதிகளுக்கு இடையே கையாளப்படுகின்றன. ஒரு வடிகட்டி அந்த 64 சாம்பிள்களுக்கும் செய்யும் பெருக்கல்களோடு ஒப்பிட்டால், ஒரு தலைச்சொல்லைச் சரிபார்க்கும் செலவு பொருட்டே அல்ல. சிக்கலான பட்டியல் வேலைக்கு எழுத்துவழி மொழியே மேல் என்று சொல்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. வரிசைப்படுத்தல், அடுக்குத் தரவு போன்றவற்றை லுவாவில் சில வரிகளில் எழுதிப் பெட்டியாகச் செருகிக்கொள்ள வழி இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் போவதும் வெளியே வருவதும் பியூர் டேட்டாவின் செய்திகள்தான். அங்கேயும் தலைச்சொல்லை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போகும்முன் நீங்கள் ஏற்கெனவே எழுதிய ஒரு பேட்சைத் திறந்து, ஒரு சப்பேட்சின் வெளிவாயில் ப்ரின்ட் ஒன்றை மாட்டுங்கள். முழுக் கார்டு, ஒற்றைச் சுரம், வெற்று நிலை ஆகிய மூன்றையும் அனுப்பிப் பாருங்கள். மூன்றும் பட்டியல், எண், பேங் என்று வேறு வேறாக வந்தால், அந்த வெளிவாய்க்கு முன்னால் லிஸ்ட் ப்ரிபெண்டையும் லிஸ்ட் ட்ரிம்மையும் வைத்து, உங்களுக்குப் பொருள்படும் ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள்.